யொட்டில வந்தால் விருந்தாளி

கனநாளா எழுதேல்லை. வேலை, பிள்ளையளின்ர ரியூசன், முழங்கால் நோ எண்டு காரணம் சொல்ல நிறைய இருக்கு. இப்ப எழுத வைச்சது கோபம். கோபத்தில எழுதினால் எழுத்துப்பிழை வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

2025 ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை நான் ஒரு யொட்டில ஏறி லண்டன் நகரத்துக்குள்ள வந்து இறங்கினனான். அண்டைக்குப் பின்னேரமே எங்கட ஆள் ஒருத்தரோட வாய்த்தர்க்கம். தர்க்கத்தை எழுத முதல் வந்த கதையைச் சொல்லோணும். ஏனெண்டால் அந்தப் பயணம் சந்தோசமான பயணம். அதைச் சொல்லாமல் சண்டையை மட்டும் சொன்னால் நான் சும்மா புறுபுறுக்கிற கிழவன் எண்டு நினைப்பியள்.

என்னோட ஒரே இடத்தில பதினொரு வருசமா வேலை செய்யிற ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். அவரிட்ட 31 அடி நீளத்தில பழைய பாய்மர யொட் ஒண்டு இருக்கு. யொட் எண்டவுடன நீங்கள் படத்தில பாக்கிற வெள்ளை மாளிகைக் கப்பலை நினைக்கக் கூடாது. உள்ளுக்குள்ள குனிஞ்சுதான் நடக்கோணும். கக்கூஸ் ஒரு அலுமாரிக்குள்ள. படுக்கை, எங்கட வீட்டு வாங்கைவிட ஒடுக்கம். ஆனால் மனிசன் அதைப் பிள்ளை மாதிரிப் பாப்பார். கென்ற் கரையில ஷெப்பி தீவில இருக்கிற குயின்பரோவில கட்டியிருந்தவர். "லண்டனுக்கு ஒருக்காப் போய் வருவம், கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்" எண்டு கேட்டார். நானும் ஓம் எண்டிட்டன். வீட்டில அவ "உங்களுக்கு நீந்தத் தெரியுமே?" எண்டு கேட்டா. தெரியாது எண்டது அவவுக்கும் தெரியும்.

தேம்ஸை ஆறு எண்டு சொன்னாலும் லண்டன் வரைக்கும் கடல் ஏறி இறங்கும். பெரிய வத்துப்பெருக்கு நாளில லண்டன் பிரிட்ஜ் அடியில ஏழு மீற்றர் வரைக்கும் தண்ணி உயர்ந்து தாழும். அதால நினைச்ச நேரம் வெளிக்கிட ஏலாது. தண்ணி முழுக்க வத்தின நேரம் பாத்து வெளிக்கிட்டு, பெருக்கு ஏற ஏற அதோட சேர்ந்து போகோணும். ஏறக்குறைய நாற்பது கடல் மைல். பெருக்கு பின்னால நிண்டு தள்ளினால் ஆறரை, ஏழு மணித்தியாலம். பிந்தினால் அதே தண்ணி முகத்தில அடிச்சுத் திருப்பி அனுப்பும். எங்கட கரையோரச் சனத்துக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளையிலயே தெரியும். நான் ஐம்பது வயதில ஒரு இங்கிலிஸ்காரனிட்டப் படிச்சன். ஏன் எண்டதைப் பிறகு சொல்லுறன்.

காலமை ஏழரைக்குக் கயிறு அவிட்டம். ஷீர்னெஸ் தாண்டேக்க வலப்பக்கம் தூரத்தில தண்ணிக்கு மேல கம்பங்கள் நீட்டிக்கொண்டு நிண்டிது. 1944 இல குண்டு ஏத்தி வந்து மண்ணில ஏறி முறிஞ்ச அமெரிக்கக் கப்பல், ரிச்சர்ட் மொன்ற்கொமரி. ஏறக்குறைய 1,400 தொன் வெடிமருந்து இன்னும் அதுக்குள்ள கிடக்காம். "எண்பது வருசமா ஒருத்தரும் எடுக்கேல்லையோ?" எண்டு கேட்டன். "தொடப் பயம்" எண்டார். நான் அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அந்தப் பக்கம் திரும்பேல்லை.

பிறகு கிரேவ்சென்ட், எதிர்க்கரையில ரில்பரி. 1948 ஜூன் 22 இல விண்ட்ரஷ் கப்பலில வந்த கரிபியன் சனம் இறங்கின துறை அது. பிறகு தேம்ஸ் பரியர், வெள்ளத்தை மறிக்கிற பெரிய இரும்புக் கதவுகள். கரையில நிண்டு பாக்கிறதுக்கும், ஒரு சின்னப் படகில இருந்து அந்த வெள்ளித் தொப்பியளுக்கு நடுவால போறதுக்கும் நிறைய வித்தியாசம். வானொலியில 14 ஆம் சனலில கேட்டு, பச்சை அம்புக்குறி காட்டின இடைவெளியால போனம். கிரீனிச், கனரி வார்ஃப், லைம்ஹவுஸ், வொப்பிங். கடைசியா ஒரு வளைவு திரும்ப ரவர் பிரிட்ஜ். இருபத்தாறு வருசமா இந்த நகரத்தில இருக்கிறன், அந்தப் பாலத்தை எத்தினை தரம் பஸ்ஸில கடந்திருப்பன். தண்ணியில இருந்து பாக்கேக்க தொண்டைக்குள்ள என்னவோ வந்து அடைச்சிது.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால, வடக்குக் கரையில, சென் கத்தரீன் டொக். அதுதான் நாங்கள் கட்டப்போற மெரினா. ஆத்துத் தண்ணி ஏறி இறங்கினாலும் உள்ளுக்குத் தண்ணி ஒரே மட்டத்தில நிக்கவேணும் எண்டதால வாசலில லொக் எண்ட இரட்டைக் கதவு இருக்கு. பெருக்கு உச்சத்துக்கு ரெண்டு மணித்தியாலம் முன்னாலயிருந்து, ஒன்றரை மணித்தியாலம் பின்னால வரைக்கும்தான் திறப்பினம். நாங்கள் கொஞ்சம் முந்தி வந்திட்டம். வெளியில காத்துக்கொண்டு நிண்ட இருபது நிமிசம்தான் முழுப் பயணத்திலயும் மோசம். பயணிகள் படகுகள் விர் விர் எண்டு போக, அந்த அலையில யொட் தொட்டில் மாதிரி ஆடுது. நான் கயித்தைப் பிழையான கம்பிக்குக் கீழால கொண்டுபோய்க் கட்டி, அவரிட்ட ரெண்டு நல்ல இங்கிலிஸ் தூசணம் வாங்கினன்.

வானொலியில 80 ஆம் சனலில கூப்பிட்டார்கள். கதவு திறந்திது. உள்ளுக்கை போய்க் கயிறு எறிஞ்சம். பின்னால கதவு மூடிச்சு. சத்தம் எல்லாம் சட்டெண்டு நிண்டிது. தண்ணி மெதுவா எங்களைத் தூக்கிச்சு. மேல நிண்ட பொடியன் சிரிச்சுக்கொண்டு மூண்டு கேள்வி கேட்டான். யொட்டின்ர பேர் என்ன? நீளம் எவ்வளவு? எத்தினை இரவு? அவ்வளவுதான். பிறகு வாசல் கேற்றுக்கு ஒரு இலக்கம் தந்தான், குளிக்கிற இடம் எங்க எண்டு காட்டினான், "நல்லா அனுபவியுங்கோ" எண்டான்.

அந்த நேரம்தான் என்ர கை நெஞ்சுப் பக்கம் போனதை அவர் கண்டார். "அங்க என்ன வைச்சிருக்கிறாய்?" எண்டு கேட்டார். சேட்டுப் பொக்கற்றுக்குள்ள, சொப்பிங் பாக்கில ரெண்டு சுத்துச் சுத்தி, என்ர பிரித்தானியப் பாஸ்போட். மனிசன் சிரிச்சார். "கென்ற்றில இருந்து லண்டனுக்கு வர பாஸ்போட்டா?" நானும் சிரிச்சன். சிரிச்சிட்டுப் போய் அந்த அலுமாரிக் கக்கூசுக்குள்ள கொஞ்ச நேரம் நிண்டன்.

1990 இல திரும்பச் சண்டை துவங்கின பிறகு, பேசாலைக் கரையில இருந்து ஒரு இரவு வள்ளத்தில ஏறினம். அம்மா, தங்கச்சி, நான். எனக்குப் பதினாலு வயது. அம்மா அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், என்ர ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கடிதம் எல்லாத்தையும் சொப்பிங் பாக்கில சுத்தி நெஞ்சுக்குள்ள வைச்சிருந்தா. ஓட்டிக்குக் குடுத்தது அவவின்ர சோடிக் காப்பு. விடியப்புறம் ஒரு மணல் திட்டில இறக்கிப்போட்டு, "இதில நில்லுங்கோ, அங்காலிருந்து வந்து ஏத்துவாங்கள்" எண்டு சொல்லிப்போட்டு அவை திரும்பிட்டினம். அந்தப் பகல் முழுக்க நாங்கள் அந்தத் திட்டில. தண்ணி ஏற ஏறத் திட்டு சின்னனாகிக்கொண்டு வந்திது. அதுக்குப் பிறகு நான் கடலுக்குப் போகேல்லை, முப்பத்தைஞ்சு வருசம்.

சரி. கரைக்கு வருவம்.

நாங்கள் கட்டின இடத்துக்குக் குடுத்த காசு, அந்தச் சுற்றாடலில ஒரு ஹோட்டல் அறைக்குக் குடுக்கிறதிலும் குறைவு. படகோட வந்து ஒரு நகரத்தின்ர நடு வயித்துக்குள்ள படுக்கிறது எண்டது நல்ல அனுபவம்தான். ஒரு பக்கம் ரவர் கோட்டை, ஒரு பக்கம் வங்கிக் கட்டடங்கள், நடுவில நாங்கள் சட்டியில வெங்காயம் வதக்கிறம். சுத்திவர உல்லாசப் பயணிகள் மேல நிண்டு எங்களைப் படம் எடுக்கினம்.

அந்த டொக்கின்ர கதை அவ்வளவு உல்லாசம் இல்லை. 12 ஆம் நூற்றாண்டில இருந்து அங்க சென் கத்தரீன் எண்ட மருத்துவ மடமும் கோயிலும், அதைச் சுத்தி ஏழைச் சனத்தின்ர குடியிருப்பும் இருந்தது. 1820களில இந்த டொக் கட்டவெண்டு எல்லாத்தையும் இடிச்சு, ஏறக்குறைய 11,300 சனத்தை எழுப்பினவை. காணி சொந்தமா இருந்தவைக்கு நட்டஈடு. வாடகைக்கு இருந்தவைக்கு ஒண்டுமில்லை. பொறியியலாளர் தோமஸ் ரெல்போர்ட். 1828 இல திறந்தினம். ஏத்தி இறக்கினது தேயிலை, சீனி, கறுவா போன்ற வாசனைச் சரக்கு, கம்பளி, யானைத் தந்தம். தந்தம் வைச்ச கட்டடம் மணிக்கூட்டுக் கோபுரத்தோட இப்பவும் நிக்குது, ஐவரி ஹவுஸ் எண்டு பேர். கீழ சாப்பாட்டுக் கடையள். எங்கட நாட்டுத் தேயிலைக்கும் கறுவாவுக்கும் லண்டன் ஆத்துக் கரை பழகின இடம். கடைசித் தேயிலை ஏலம் லண்டனில நடந்தது 1998 ஜூனில. சாமானுக்கு விசா கேக்கேல்லை. டொக் 1968 இல மூடுப்பட்டு, பிறகு மெரினாவா மாறிச்சு.

இதெல்லாம் தெரிஞ்சும் அங்க போய்த் தேத்தண்ணி குடிக்கலாமா எண்டு என்ர இடதுசாரித் தோழர் ஒருத்தர் பிறகு தொலைபேசியில கேட்டார். "அகதியா வந்தவனுக்கு ஏன் பணக்காரன்ர மெரினா?" எண்டார். தோழர், நான் குடிச்சன். ரெண்டு கோப்பை. அகதி எண்டால் செத்த வீட்டு முகத்தோடதான் சீவியம் முழுக்க இருக்கோணும் எண்டு எந்தப் புத்தகத்திலயும் இல்லை. என்ர அம்மா காப்பைக் கழட்டிக் குடுத்தது நான் அழுதுகொண்டிருக்க அல்ல.

இனிச் சண்டைக்கு வாறன்.

பின்னேரம் ரவர் ஹில் நிலையத்தில டிஸ்ட்ரிக்ற் லைன் ஏறி என்ர கப்பித்தானை ஈஸ்ற்ஹாமுக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஊர் பாக்கிறதெண்டால் அதுதான் ஊர். மாலைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய் அடுக்கி வைச்ச மரக்கறிக்கடை எல்லாம் காட்டி, ஒரு சாப்பாட்டுக் கடையில ரோல்சும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு இருந்தம். அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை வந்தார். எண்பதுகளில வந்தவர், நல்ல மனிசன், கோயில் வேலை எண்டால் முன்னுக்கு நிப்பார். எப்பிடி வந்தியள் எண்டு கேக்க, படகில வந்தனாங்கள் எண்டு சொன்னன். சிரிச்சுப்போட்டு அவர் சொன்னது:

"படகு எண்டு பலமாச் சொல்லாதையும் தம்பி, பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். இப்ப ஒரே படகுதானே. டோவரில நாளாந்தம் வந்து இறங்கிறாங்கள். எல்லாரையும் அந்தப் பக்கமே தள்ளி விடோணும். நாங்கள் இப்பிடியே வந்தனாங்கள்? நாங்கள் முறையா வந்தனாங்கள்."

நான் கேட்டன், "அண்ணை, நீங்கள் எந்த வருசம்?"

"எண்பத்தாறு."

"விசா எடுத்தோ?"

"நீர் என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? அந்த நேரம் எங்கட நிலமை வேற."

என்ர கப்பித்தான் ரோல்சைக் கடிச்சபடி என்னைப் பாக்கிறார், அண்ணையைப் பாக்கிறார். மொழி விளங்காட்டிலும் சண்டை விளங்கியிருக்கும். கடைக்குள்ள வைச்சு நான் அதுக்கு மேல கதைக்கேல்லை. வயசுக்கு மூத்தவர். ஆனால் இங்க கதைப்பன். ஏனெண்டால் இது அந்த அண்ணை ஒருத்தரின்ர கதை இல்லை. கலியாண வீட்டில, வற்ஸ்அப்பில, கோயில் அன்னதான வரிசையில எத்தினை தரம் இதைக் கேட்டிருக்கிறன். எங்கட ஆக்களே, எங்கட வாயாலயே.

'முறையா வந்தனாங்கள்.' முறை எண்டது என்ன? 1985 இல பிரித்தானிய அரசாங்கம் இலங்கையருக்கு விசா கட்டாயம் எண்டு கொண்டுவந்தது. பொதுநலவாய நாடு ஒண்டுக்கு அப்பிடிச் செய்தது அதுதான் முதல் தடவை. யாரை மறிக்க? எங்களை. 1987 பெப்ரவரியில ஹீத்ரோவில வந்து இறங்கின 64 தமிழரைத் திருப்பி அனுப்ப விமானத்தில ஏத்தப் போகேக்க, அவையள் ஓடுபாதைப் பக்கத்தில உடுப்பைக் கழட்டி உள்ளாடையோட நிண்டு மறுத்தினம். அதே வருசம், பத்திரம் இல்லாத ஆளை ஏத்தி வாற விமானக் கொம்பனிக்குத் தண்டப்பணம் எண்டு சட்டம் வந்தது. பயணியின்ர பத்திரம் பாக்கிற வேலையை ரிக்கற் குடுக்கிறவன்ர தலையில கட்டின சட்டம் அது. இண்டைக்குக் கலே கரையில ரப்பர் படகு ஏறுறவன் ஏன் அறுபது பவுணுக்கு ரிக்கற் எடுத்து விமானத்தில வாறானில்லை எண்டு கேக்கிறியளே, அதுக்கு விடை அந்தச் சட்டத்தில இருக்கு. அந்தச் சட்டம் வர ஒரு காரணம் நாங்கள்.

கப்பலில அடைச்சு வைச்ச கதை தெரியுமோ? 1987 இல ஹாரிச் துறைமுகத்தில ஏர்ள் வில்லியம் எண்ட பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி அகதிக் கோரிக்கை வைச்சவையை அதுக்குள்ள வைச்சிருந்தினம். கனபேர் எங்கட பொடியள். ஐப்பசியில அடிச்ச பெரும் புயலில அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய் மணல் திட்டில ஏறிச்சு. அதுக்குப் பிறகுதான் அவையளைக் கரைக்கு விட்டினம். சட்டத்தரணியள் திறக்க முடியாத கதவைக் காத்துத் திறந்து விட்டிது எண்டு அந்தக் காலத்து ஆக்கள் பகிடியாச் சொல்லுவினம். அந்தப் பொடியள் இண்டைக்கு அறுபது தாண்டின அப்பப்பாமார். அதில ஒருத்தராவது இப்ப 'படகை மறி' எண்டு சொல்லுவாரோ எண்டு நான் யோசிக்கிறதுண்டு. சொல்லக்கூடும். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி எண்டு எங்கட கிழவியள் சும்மாவோ சொன்னவை?

'பிரான்சில நிக்கலாம்தானே, அங்க என்ன சண்டையே?' இது அடுத்த கேள்வி. 1986 ஆவணியில நியூபவுண்லாந்துக் கரைக்குக் கிட்ட ரெண்டு உயிர்காப்புப் படகில 155 தமிழர் மிதந்துகொண்டு நிண்டினம். ஒரு மீன்பிடிக் கப்பித்தான் கண்டு காப்பாத்தினார். இந்தியாவில இருந்து நேர வாறம் எண்டு முதல் சொன்னவை. உண்மையில வந்தது மேற்கு ஜேர்மனியில இருந்து. ஜேர்மனியில அப்ப என்ன சண்டை? அங்க நிக்க விடமாட்டினம், எந்த நேரமும் அனுப்பலாம் எண்ட பயம். கனடா அவையளை வைச்சிருந்தது. ஒவ்வொரு நினைவு நாளுக்கும் நாங்கள் அந்தக் கப்பித்தானைக் கொண்டாடுறம், அது சரியான விசயம்தான். ஆனால் அதே வாயால கலேயில நிக்கிற சூடான்காரப் பொடியனைப் பாத்து 'பொய் சொல்லிக்கொண்டு வாறான்' எண்டு எப்பிடிச் சொல்ல வருது? நான் 1999 இல லண்டன் வர முதல் எத்தினை நாட்டைக் கடந்தனான் தெரியுமோ? அஞ்சு. அதில மூண்டில சண்டையே இல்லை. உங்கட கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கோ, ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஏஜென்சிக்காரர் நல்லவங்கள் எண்டு நான் சொல்ல வரேல்லை. 2021 நவம்பர் 24 இல கால்வாயில ஒரே இரவில இருபத்தேழு பேராவது செத்தினம். அந்த ரப்பர் படகுகள் படகே இல்லை. என்ர கப்பித்தான் அதைப் பற்றிக் கதைக்கேக்க முகம் மாறிடும், கடல் தெரிஞ்ச மனிசன். ஆனால் வேற வாசல் ஒண்டும் திறக்காமல் வைச்சுக்கொண்டு, ஏன் ஜன்னலால வாறாய் எண்டு கேக்கிறது நியாயமோ? 1951 அகதிகள் உடன்படிக்கையின்ர 31 ஆவது பிரிவு, உயிருக்குப் பயந்து நேர வந்தவனை அவன் வந்த வழிக்காகத் தண்டிக்கக் கூடாது எண்டு சொல்லுது. 2022 இல இங்க கொண்டுவந்த சட்டம், அனுமதி இல்லாமல் வந்து சேருறதையே குற்றமாக்கிச்சு.

யொட்டுக்கு வாறன். அண்டிரவு கப்பித்தானிட்டக் கேட்டன், நீ கலேயில இருந்து வந்தால் என்ன நடக்கும் எண்டு. மஞ்சள் கொடி ஏத்தவேணும், முன்கூட்டியே இணையத்தில விபரம் குடுக்கவேணும் எண்டார். "ஆக்கள் வந்து பாப்பினமோ?" முப்பது வருசத்தில தன்ர யொட்டில ரெண்டு தரம்தான் அதிகாரியள் ஏறினவையாம், ரெண்டு தரமும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவையாம். அதே கலே. அதே கால்வாய். அதே காத்து. ஒருத்தனுக்கு கேற் இலக்கமும் குளிக்கிற இடமும், ஒருத்தனுக்கு கைவிலங்கு. கடலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சது கரைக்குத்தான்.

போர்ட்லண்ட் துறைமுகத்தைப் பாருங்கோ. 2012 ஒலிம்பிக்கில பாய்மரப் போட்டி நடந்த தண்ணி அது, பக்கத்தில அருமையான மெரினா. அதே துறைமுகத்தில 2023 இல பிபி ஸ்ரொக்ஹோம் எண்ட மிதக்கிற பெட்டியைக் கட்டி ஐந்நூறு அகதிகள் வரைக்கும் வைக்கப் பாத்தினம். முதல் ஆக்கள் ஏறின அந்தக் கிழமையே தண்ணிக் குழாயில லெஜியோனெல்லாக் கிருமி எண்டு இறக்கினவை. திருப்பி ஏத்தி, மார்கழியில ஒருத்தர் உள்ளுக்கையே உயிரை விட்டார். 2024 முடிய முன்னம் ஆக்கள் எல்லாரையும் எடுத்து, 2025 தையில பெட்டியையும் கொண்டு போச்சினம்.

இன்னும் கிட்டவா வேணுமெண்டால் தியகோ கார்சியா. 2021 ஐப்பசியில கனடாவுக்கெண்டு வெளிக்கிட்ட எங்கட சனத்தின்ர படகு கெட்டுப்போய், பிரித்தானியாவின்ர கட்டுப்பாட்டில இருந்த அந்தத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டிது. சின்னக் குழந்தையளும் அதில. வேலி போட்ட கூடாரத்துக்குள்ள மூண்டு வருசம். 2024 டிசம்பரில அங்கத்தை நீதிமன்றம் இது சட்டவிரோதத் தடுப்பு எண்டு தீர்ப்பளிச்சது, அந்த நேரம்தான் பெரும்பாலானவையை இங்க கொண்டுவந்தினம். இதில என்ர கப்பித்தான் சொன்ன விசயம் ஒண்டு என்னை நித்திரை கொள்ள விடேல்லை. அதே தீவுக்கூட்டத்தின்ர வெளித் தீவுகளில, சலமன், பெரோஸ் பன்ஹோஸ் பக்கம், உலகம் சுத்துற யொட்டுக்காரருக்கு அனுமதிச் சீட்டு எடுத்து நாலு கிழமை வரைக்கும் நங்கூரம் போட்டு நிக்கலாம் எண்டு பல வருசமா ஒழுங்கு இருந்ததாம். அந்த மண்ணில பிறந்த சாகோஸ் சனத்தைத் துரத்திப்போட்டு, யொட்டுக்குச் சீட்டு.

இப்ப எங்கட ஆக்களின்ர மற்றப் பக்கம். யொட் படத்தைக் குடும்பக் குழுவில போட, ஒரு தம்பி "சோழன் இரத்தம் அண்ணா!" எண்டு எழுதினான். இராசேந்திரன் கடாரம் போனதெண்டு புலிக்கொடிப் படமும். தம்பி, ஆயிரம் வருசத்துக்கு முந்தினதை விடும். 1938 இல வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பலை எங்கட மாலுமியள் அத்திலாந்திக் தாண்டி அமெரிக்காவின்ர குளொஸ்ரர் வரைக்கும் கொண்டுபோனவை. வாங்கினவர் ஏற்கனவே சின்ன யொட்டில உலகம் சுத்தின ரொபின்சன். கப்பலின்ர பேரையும் மாத்தினவர். நியாயமாப் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கடலோடியளின்ர பிள்ளையளோட ஒரே வாங்கில இருந்து சாப்பிட எங்கட வீடுகள் விட்டவையோ? என்ர ஊரில இருந்து கடற்கரை ரெண்டு மைல். "அங்கால போகாதை, அது அவையின்ர இடம்" எண்டுதான் என்னை வளர்த்தது. நீந்தத் தெரியாத காரணம் கடல் தூரம் எண்டதில்லை. பிறகு சாவு துரத்தேக்க எங்களைத் தூக்கிக் கொண்டுபோய்க் காப்பாத்தினதும் 'அவை'தான். அந்த ஓட்டியின்ர பேர் எனக்கு இண்டைக்கும் தெரியாது. அம்மா கேக்கேல்லை. சோழனைத் தெரியும், ஓட்டியைத் தெரியாது.

ஞாயிறு காலமை நடந்தம். வொப்பிங் படிகள், கேபிள் வீதி. 1936 ஒக்ரோபர் 4 இல கறுப்புச் சட்டைப் பாசிஸ்டுகளை யூதரும் ஐரிஷ்காரரும் துறைமுகத் தொழிலாளியளும் சேர்ந்து மறிச்ச வீதி, சுவர் முழுக்க ஓவியமா இருக்கு. பிறகு வைற்சப்பலில அல்தாப் அலி பூங்கா. 1978 மே 4 இல வேலை முடிஞ்சு வீட்டை போன அந்த வங்காளிப் பொடியனை இனவெறியர் குத்திக் கொன்ற இடம். பிரிக் லேனில 1743 இல பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகள் கட்டின கோயில், பிறகு யூதரின்ர தொழுகைக் கூடமாகி, 1976 இல இருந்து பள்ளிவாசல். அகதி எண்டதுக்கு இங்கிலிசில இருக்கிற சொல்லே அந்தப் பிரெஞ்சுக்காரரோடதான் இங்க வந்து இறங்கினதாம். அவையளும் கால்வாயை வள்ளத்தில தாண்டினவைதான். கப்பித்தான் தன்ர தாய்வழி அந்தப் பிரெஞ்சு அகதிகள் எண்டு அப்பதான் சொன்னார். பதினொரு வருசம் சொல்லாத கதை. "நேற்று உன்ர ஆள் கடையில என்னத்துக்குக் கோபப்பட்டவர்?" எண்டும் கேட்டார். நான் மொழிபெயர்த்தன். மனிசன் கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு "என்ர மச்சானும் இதைத்தான் சொல்லுறவன்" எண்டார்.

பின்னேரம் மூண்டு மணிக்கு லொக் திறந்திது. வத்துத் தண்ணியோட வெளியில வந்தம். இந்த முறை கயிறு நான் சரியாத்தான் எடுத்தன். கிரீனிச் தாண்ட சுக்கானை என்ர கையில தந்தார்.

வாற ஆவணியில வத்துப்பெருக்குப் பாத்து இன்னொருக்காப் போக யோசிச்சிருக்கிறம். ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. ஈஸ்ற்ஹாம் அண்ணை இதை வாசிச்சால் எனக்கு ஒரு கோல் எடுங்கோ. நீந்தத் தெரியாட்டிலும் பரவாயில்லை, உயிர்காப்பு அங்கி அவரிட்ட நாலு இருக்கு. சொப்பிங் பாக் நான் கொண்டுவாறன்.